மாணவர் திருப்தி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒரு பக்கம், மற்ற நாடுகள் மறுபக்கம்

“மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றால், இதே கல்லூரியில்தான் சேருவீர்களா?”

அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கல்லூரிகளின் முதலாண்டு, இறுதியாண்டு மாணவர்களிடம் இந்தக் கேள்வி போகிறது. இண்டியானா பல்கலைக்கழகத்திலிருந்து 2000ஆம் ஆண்டு முதல் நடத்தப்படும் பெரிய கருத்துக்கணிப்பு ஒன்றின் பகுதி அது. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘நெஸ்ஸி’ என்று சொல்வார்கள். ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் ‘ஆமாம், சேருவேன்’ என்கிறார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “மறுபடியும் இவங்களையேதான் கட்டிக்குவீங்களா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? படித்துக்கொண்டிருக்கும்போதே கேட்கும் கேள்விக்கும் கொஞ்சம் அந்தக் குணம் உண்டு.

படிப்பை முடித்து வெளியே வந்து, வேலைக்குப் போய், கடனைக் கட்ட ஆரம்பித்த பிறகு கேட்டுப் பார்த்தார்கள். 2017இல் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனமும் ஸ்ட்ராடா என்ற கல்வி அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட கணிப்பில், படித்தவர்களில் 51 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றையாவது மாற்றியிருப்போம் என்றார்கள். இதில் கவனிக்க வேண்டியது, எதை மாற்றியிருப்பார்கள் என்பது. கல்லூரியை மாற்றியிருப்போம் என்றவர்கள் 28 சதவீதம். எடுத்த பாடத்தை மாற்றியிருப்போம் என்றவர்கள் 36 சதவீதம். கல்லூரி மேல் இருக்கும் வருத்தத்தைவிட, தான் எடுத்த முடிவின் மேல் இருக்கும் வருத்தம்தான் பெரிது.

சில வருடங்களாக உறவு வட்டத்தில் யாராவது வெளிநாட்டுப் படிப்பு என்று பேச்செடுத்தால் என்னிடம் ஒரு கேள்வி வந்துவிடுகிறது: “அமெரிக்காவில் படிக்கிற பிள்ளைகள் சந்தோஷமா இருக்காங்களா, இல்லை லண்டன், ஆஸ்திரேலியா, ஜெர்மனி பக்கம் போனவங்களா?” அக்கா மகன் அமெரிக்காவில் எம்.எஸ். முடித்தவன், நண்பரின் மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். இரண்டு பேரும் வாட்ஸாப்பில் புலம்புவார்கள், ஆனால் ஒரே விஷயத்துக்காக அல்ல. நாடுகளின் திருப்தி சதவீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதும், புலம்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறையத் தெரியும் என்பதும்தான் நான் கண்டது.

யார் கேட்கிறார்கள், யாருக்குச் சொல்கிறார்கள்

முதல் வித்தியாசம் இங்கேயே ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் மாணவர் திருப்தியை அளந்து, ஒவ்வொரு கல்லூரிக்கும் மார்க் போட்டு, ஊரறிய வெளியிடும் அரசு அமைப்பு கிடையாது. அரசு நடத்தும் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ தளத்தில் எத்தனை பேர் படிப்பை முடிக்கிறார்கள், எவ்வளவு கடன், எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் இருக்கும். பிடித்திருந்ததா என்ற கேள்வி இருக்காது. நெஸ்ஸி முடிவுகள் அந்தந்தக் கல்லூரிக்குத்தான் போகும். வெளியிடுவதும் பூட்டி வைப்பதும் அவர்கள் விருப்பம். நல்ல எண் வந்தால் இணையதளத்தின் முகப்பில் நிற்கும். வராவிட்டால் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதிலும் கேள்வித்தாள் போனவர்களில் மூன்றில் ஒருவர்கூடப் பதில் எழுதுவதில்லை.

பிரிட்டனில் நேர் எதிர். அங்கே என்.எஸ்.எஸ். என்று ஒன்று இருக்கிறது. (நமக்கு அந்த எழுத்துகளைக் கேட்டால் கிராமத்தில் முகாம் போட்டு மரம் நட்டது ஞாபகம் வரும். இது வேறு: தேசிய மாணவர் கருத்துக்கணிப்பு.) 2005இல் தொடங்கியது. இளநிலை இறுதியாண்டு மாணவர்கள் எல்லோரிடமும் கேட்பார்கள். முதலில் மின்னஞ்சல், அப்புறம் குறுஞ்செய்தி, அதற்கும் பதில் வராவிட்டால் போன். இப்படித் துரத்தித் துரத்திக் கேட்பதால் பத்தில் ஏழு பேர் அளவுக்குப் பதில் வருகிறது. ஒரு துறையில் பாதிப் பேராவது பதில் சொல்லியிருந்தால், பாடவாரியாக, பல்கலைக்கழகவாரியாக முடிவு வெளியாகும். எந்த ஊரிலிருந்தும் யாரும் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். சொல்லப்போனால் பிரிட்டனின் கேள்வித்தாளே, ஆஸ்திரேலியா 1990களில் நாடு முழுக்கக் கொண்டுவந்த கேள்வித்தாளைப் பார்த்துச் செய்ததுதான்.

ஆக, ஒரு பக்கம் அரசு நடத்தும் பொதுத் தேர்வு மாதிரி. இன்னொரு பக்கம் பள்ளிக்கூடமே கேள்வித்தாள் கொடுத்து, பள்ளிக்கூடமே ரேங்க் கார்டைப் பூட்டி வைத்துக்கொள்வது மாதிரி. இரண்டு மார்க்கையும் எப்படி ஒப்பிடுவது?

எண்ணுக்குக் கொடுத்த விலை

வெளிப்படையாக இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பிரிட்டனின் கதையைப் படித்தால் இதற்கும் ஒரு விலை இருப்பது தெரிகிறது.

2008இல் லண்டனை ஒட்டிய கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் ஆசிரியர்கள் மாணவர்களிடம் பேசியது ஒலிப்பதிவாக வெளியே வந்தது. நம் இடம் அடிமட்டத்துக்குப் போனால் உங்கள் பட்டத்தைத்தான் யாரும் மதிக்க மாட்டார்கள், பார்த்து மார்க் போடுங்கள் என்கிற ரீதியில் பேச்சு. அந்தத் துறையின் முடிவை அந்த ஆண்டுக் கணக்கிலிருந்தே நீக்கினார்கள். யோசித்தால் மிரட்டியவர்கள் சொன்னதில் ஒரு உண்மை இருப்பதுதான் பிரச்சினை. தன் கல்லூரியைக் குறை சொல்லும் மாணவன் தன் சான்றிதழின் மதிப்பையும் சேர்த்துக் குறைத்துக்கொள்கிறான். எந்த நாட்டுக் கணிப்பிலும் இந்த முள் உண்டு. பிரிட்டனில் அது வெளியே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

2017இல் இன்னொன்று நடந்தது. கற்பித்தல் தரத்துக்கு அரசு தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கம் கொடுக்க ஆரம்பித்தது. கணக்கில் என்.எஸ்.எஸ். எண்களும் சேர்ந்தன. அந்த ஆண்டு கவென்ட்ரி பல்கலைக்கழகத்துக்குத் தங்கம். பொருளாதாரப் படிப்பில் உலகமே அண்ணாந்து பார்க்கும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்கு வெண்கலம்! அங்கே இடம் கிடைக்காதா என்று எத்தனையோ பேர் ஏங்கும்போது, உள்ளே இருந்த மாணவர்கள் பேராசிரியர்கள் தங்களைக் கண்டுகொள்வதில்லை என்று வருடா வருடம் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு, இந்தப் பதக்கங்களைக் காட்டிக் கட்டணத்தை உயர்த்தப் பார்க்கிறார்கள் என்று மாணவர் சங்கம் கணிப்பையே புறக்கணித்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உட்பட 12 இடங்களில் பாதிப் பேர்கூடப் பதில் சொல்லாததால் முடிவே வெளிவரவில்லை.

எண்களைப் பார்ப்போம். 2010களின் நடுவில் பிரிட்டனில் ஒட்டுமொத்தத் திருப்தி 86 சதவீதத்தைத் தொட்டது. 2020இல் 83. கொரோனாவில் வீட்டு அறைக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்துப் படித்த 2021இல் 75. அப்புறம் 2023இல் இங்கிலாந்துக்கு மட்டும் அந்த ‘ஒட்டுமொத்தமாகத் திருப்தியா’ என்ற கேள்வியையே எடுத்துவிட்டார்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து வைத்துக்கொண்டன. தனித்தனிக் கேள்விகள் இருக்கும்போது ஒற்றை எண் எதற்கு என்பது ஒரு வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது, ஏனென்றால் சுவையான செய்தி தனிக் கேள்விகளில்தான் இருக்கிறது. ஆரம்பம் முதலே அங்கே மார்க் குறைவாக வாங்கும் பகுதி மதிப்பீடும் பின்னூட்டமும். கட்டுரை எழுதிக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தால், இரண்டு வரி குறிப்போடு திரும்பி வரும். பிரிட்டிஷ் மாணவனின் நிரந்தரப் புலம்பல் இது.

ஆஸ்திரேலியாவின் புலம்பல் வேறு. கற்பித்தல், நூலகம், ஆய்வகம் எல்லாம் நல்ல மார்க் வாங்கும். சக மாணவர்களோடு பழகும் வாய்ப்பு, வளாகத்தோடு ஒட்டுதல் என்ற பகுதியில் மட்டும் 2019இலேயே 60 சதவீதம்தான். 2020இல் அது 44க்கு விழுந்தது. ஒட்டுமொத்த எண் 78லிருந்து 69 ஆனது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அங்கே பெரும்பாலான உள்ளூர் மாணவர்கள் பெற்றோர் வீட்டிலிருந்து ரயிலில் வந்து, வகுப்பை முடித்து, பகுதி நேர வேலைக்கு ஓடுகிறவர்கள். கல்லூரி என்பது வந்து போகும் இடம். நம் ஊரிலிருந்து போகும் பையன் அங்கே தனியாக அறையில் இருந்துகொண்டு, “நாலு பேரோட பழகவே முடியலை” என்று சொல்வது இதனால்தான்.

இன்னொரு வேடிக்கை. உலகத் தரவரிசையில் ஆஸ்திரேலியாவின் முதலிடத்தில் நிற்பது மெல்போர்ன் பல்கலைக்கழகம். நீண்ட ஊரடங்கு ஆண்டான 2020இல் மாணவர் திருப்தியில் அது நாட்டின் கடைசி வரிசைக்குப் போயிற்று. பாண்ட் போன்ற சிறிய தனியார் பல்கலைக்கழகங்கள் வழக்கமாக மேலே இருக்கும். பெயருக்கும் திருப்திக்கும் அங்கே ஏறக்குறைய ஏழாம் பொருத்தம்.

அமெரிக்காவில் எது பிடித்திருக்கிறது

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே பத்தில் எட்டுப் பேர் ‘ஆமாம்’ என்று சொல்வதற்கு மூன்று காரணங்கள் சொல்வேன். அவற்றில் ஒன்று கொஞ்சம் கசப்பானது.

முதலாவது, மனசை மாற்றிக்கொள்ள விடுகிறார்கள். இங்கிலாந்தில் 17 வயதில் பாடத்தை முடிவு செய்து ஐந்து இடங்களுக்கு விண்ணப்பம் போட வேண்டும். சட்டம் என்று போனால் சட்டம், வேதியியல் என்று போனால் வேதியியல். அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு வரை முதன்மைப் பாடத்தை அறிவிக்காமலே ஓட்டலாம். இளநிலை மாணவர்களில் 30 சதவீதம் அளவுக்கு முதல் மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு முறையாவது பாடத்தை மாற்றுகிறார்கள். கல்லூரியையே மாற்றிக்கொண்டு, முடித்த பாடங்களுக்குச் சேர்த்த கிரெடிட்டோடு வேறிடம் போகிறவர்களும் மூன்றில் ஒருவர் அளவுக்கு உண்டு. பிடிக்காதவன் கிளம்பிவிடலாம் என்றால், மிச்சம் இருப்பவர்களிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

இரண்டாவது, வளாகம். ஆன் ஆர்பரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் 1,07,601 இருக்கைகள். நம் சேப்பாக்கத்தில் நாற்பதாயிரத்துக்கும் குறைவுதான். ஒரு கல்லூரி விளையாட்டுக்கு இத்தனை பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள் என்றால், அது ஒரு படிப்பு நிறுவனம் மட்டும் இல்லை. ஊர்த் தேர்த்திருவிழா மாதிரி. படித்து முடித்து முப்பது வருடம் கழித்தும் கல்லூரி பெயர் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு திரிவார்கள். இந்தப் பாசத்தைப் பணமாகவும் அளந்தார்கள்: யு.எஸ். நியூஸ் தரவரிசை பல ஆண்டுகள் ‘முன்னாள் மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் நன்கொடை தருகிறார்கள்’ என்பதைத் திருப்தியின் அளவுகோலாகவே வைத்திருந்தது. பிரின்ஸ்டனில் ஒரு காலத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் கொடுத்தார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்குத்தானே இது சாதகம் என்ற விமர்சனம் வெகுநாள் இருந்தது. 2023இல் வந்த பட்டியலில் அதைக் கைவிட்டார்கள். எனக்கு அந்த அளவுகோல் கொஞ்சம் பிடிக்கும். வாயால் சொல்வதைவிடப் பையைத் திறப்பது கஷ்டம். ஆனால் இதை வைத்து ஜெர்மனியோடு ஒப்பிட்டால், அங்கே எல்லோரும் அதிருப்தியில் செத்துக்கொண்டிருப்பதாகத்தான் முடிவு வரும். அங்கே கல்லூரிக்கு நன்கொடை தரும் வழக்கமே பெரிதாக இல்லை.

மூன்றாவதுதான் கசப்பு. நான்காண்டுக் கல்லூரிகளில் முழுநேரமாகச் சேரும் அமெரிக்க மாணவர்களில் ஆறு ஆண்டுகளுக்குள் அதே இடத்தில் பட்டம் வாங்குகிறவர்கள் 64 சதவீதம் அளவுதான். லாப நோக்கில் நடக்கும் கல்லூரிகளில் மூன்றில் ஒருவருக்கும் குறைவு. வெளியேறியவர்களில் சிலர் வேறு கல்லூரியில் முடித்திருப்பார்கள். பலர் பட்டமில்லாமல் கடனோடு நிற்பார்கள். இறுதியாண்டு மாணவரிடம் கேட்கும் கேள்வி இவர்கள் காதுக்கே போவதில்லை. பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை வந்தவர்களிடம் மட்டும் பயணம் சுகமா என்று கேட்பது மாதிரி. பிரிட்டனில் சேர்ந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முடித்துவிடுகிறார்கள் என்பதால், அங்கே அதிருப்தியாளர்களும் கடைசி வரை உட்கார்ந்திருந்து குறைந்த மார்க் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இப்போது அமெரிக்கப் புலம்பல். நிர்வாகத்தைப் பற்றி எங்கே கேட்டாலும் கட்டணம், ஆலோசகர் கிடைக்காமை, பார்க்கிங் இவைதான். (பெர்க்லியில் நோபல் பரிசு வாங்கினால் தனி பார்க்கிங் இடம் தருகிறார்கள். அங்கே வண்டி நிறுத்தப் படும் பாடு தெரிந்தவர்களுக்குப் பரிசுப் பணத்தைவிட அதுதான் பெரிது.) ஆனால் இதைவிட ஆழமான குறை ஒன்றை 2014இல் கேலப்பும் பர்டியூ பல்கலைக்கழகமும் சேர்ந்து, 30,000க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் கேட்டு வெளிக்கொண்டு வந்தன. படிப்பில் ஆர்வத்தைத் தூண்டிய ஒரு பேராசிரியராவது இருந்தாரா, பேராசிரியர்கள் உங்களை ஒரு மனிதராகப் பார்த்து அக்கறை காட்டினார்களா, உங்கள் கனவுக்கு ஊக்கம் கொடுத்த வழிகாட்டி ஒருவர் இருந்தாரா? மூன்றுக்கும் அழுத்தமாக ‘ஆம்’ சொன்னவர்கள் 14 சதவீதம்தான். அந்த 14 சதவீதத்தினர் பிற்காலத்தில் வேலையில் ஈடுபாட்டோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அரசுக் கல்லூரியா, தனியார் கல்லூரியா என்பது ஏறக்குறைய எந்த வித்தியாசத்தையும் தரவில்லை.

பத்தில் எட்டுப் பேர் திருப்தி, நூறில் பதினான்கு பேருக்குத்தான் ஒரு நல்ல வாத்தியார் நிறைவாக அமைந்தார். இரண்டு எண்ணும் ஒரே நாட்டைப் பற்றியவை, இரண்டும் உண்மை.

பில் வராத ஜெர்மனி

ஜெர்மனியில் நாடு முழுக்க ஒரு திருப்தி எண் என்று நீட்டிக்காட்ட முடியாது. சி.ஹெச்.இ. என்ற அமைப்பு 1998 முதல் மாணவர்களிடம் கேட்டுப் பாடவாரியாகத் தரம் பிரிக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ரேங்க் போடாமல், மேல் குழு, நடுக் குழு, கீழ்க் குழு என்றுதான் பல ஆண்டுகள் வைத்தது. இயந்திரவியலில் நல்ல ஊர், வரலாற்றில் சுமாரான ஊராக இருக்கலாம் என்பதை ஒத்துக்கொள்ளும் முறை இது என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு மரியாதை.

கட்டணம் அங்கே கிட்டத்தட்ட இல்லை. சில மாநிலங்கள் இடையில் வசூலித்துப் பார்த்தன. கடைசியாக 2014இல் லோயர் சாக்சனி அதையும் ஒழித்தது. வெளிநாட்டவருக்கு விதிவிலக்கு உண்டு: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்க ஆரம்பித்துவிட்டது. மற்ற இடங்களில் சில நூறு யூரோ பருவக் கட்டணம், அதிலும் பல ஊர்களில் பஸ் பாஸ் அடக்கம். ஆனால் விசாவுக்கு 11,904 யூரோவை ஒரு கணக்கில் பூட்டி வைத்துக் காட்ட வேண்டும். அது கட்டணம் இல்லை, சாப்பாட்டுக்கு மாதாமாதம் நமக்கே திரும்பி வருவது. இருந்தாலும் புரட்ட வேண்டியது நாம்தான்.

காசு வாங்காத இடம் கைபிடித்து நடத்தாது. வருகைப் பதிவு இல்லாத வகுப்புகள், பருவ முடிவில் ஒரே ஒரு பெரிய தேர்வு, பல பாடங்களில் மூன்று முறை தோற்றால் அந்தப் படிப்பையே விட்டு வெளியேற வேண்டும் என்ற விதி. இளநிலையில் நான்கில் ஒருவருக்கு மேல் பாதியில் விடுகிறார்கள். நண்பரின் மகள் சொன்னாள்: “அங்கிள், இங்க நான் வந்தேனா போனேனான்னு கேட்க ஒரு ஆள் கிடையாது.” அடுத்த மாதம் பேசும்போது, “யாரும் தொந்தரவு பண்றதில்லை, நிம்மதியா இருக்கு” என்றாள். இரண்டு நாளில் எந்த நாள் கணிப்புக்காரர் போன் செய்தார் என்பதைப் பொறுத்தது அவள் மார்க்.

அவளுக்கு இருக்கும் இன்னொரு சௌகரியம், ‘இவ்வளவு கொட்டிக் கொடுத்தேனே’ என்ற ஆத்திரம் இல்லாதது. இதற்கு நல்ல சாட்சி பிரிட்டனிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் ஆண்டுக் கட்டணம் 2006இல் 3,000 பவுண்டு, 2012இல் 9,000 பவுண்டு. கொடுத்த காசுக்குத் தகுந்த படிப்பு என்று சொன்ன மாணவர்கள் 2012இல் 53 சதவீதம், 2017இல் 35. உள்ளூர் மாணவர்களுக்குக் கட்டணமில்லாத ஸ்காட்லாந்தில் மட்டும் இந்த எண் மேலேயே நின்றது. ஐந்து ஆண்டில் இங்கிலாந்துப் பேராசிரியர்கள் அத்தனை பேரும் மோசமாகிவிட்டார்களா என்ன? பில்தான் மூன்று மடங்கானது. அமெரிக்காவில் மொத்தக் கல்விக்கடன் 1.7 லட்சம் கோடி டாலர் அளவில் நிற்கிறது. அங்கே திருப்தி கேள்வியோடு ‘காசுக்குத் தகுந்ததா’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் இரண்டு பதிலும் வேறு வேறு திசையில்தான் போகும்.

மார்க் போடும் கை

நாடுகளுக்கிடையே எண்களை வைத்து அடித்துக்கொள்வதில் இன்னொரு சிக்கல், மார்க் போடும் பழக்கம். ஏழு கட்டம் போட்டு ஒன்றில் டிக் அடி என்றால், அமெரிக்கப் பிள்ளைகள் ஓரத்துக் கட்டங்களுக்குப் போகிறார்கள், ஜப்பான், தைவான் பிள்ளைகள் நடுவில் நிற்கிறார்கள் என்று 1995இலேயே ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். “சூப்பர்” என்று சொல்வது ஒரு ஊரில் சாதாரணப் பேச்சு, இன்னொரு ஊரில் அலட்டல். நம் வீடுகளிலேயே பாருங்கள். சாப்பாடு எப்படி என்றால் அப்பா “பரவாயில்லை” என்பார். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவர் அகராதியில் கிடையாது.

பிடித்திருந்தால் நன்றாகக் கற்றதாக அர்த்தமா? அமெரிக்க விமானப்படை அகாடமியில் எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் படிப்பது என்பது குலுக்கல் மாதிரி தீர்மானமாகும். 2010இல் ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளாதார வல்லுநர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். முதல் கால்குலஸ் பாடத்தில் மாணவர்களிடம் நல்ல மார்க் வாங்கிய ஆசிரியரின் பிள்ளைகள், அடுத்த கால்குலஸில் பின்தங்கினார்கள். கறாராகப் போட்டு வாட்டியவரின் பிள்ளைகள் முன்னேறினார்கள். அமெரிக்காவில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இத்தாலியின் மிலானில் பொக்கோனி பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்விலும் இதே சங்கதிதான் வந்தது. மழை பெய்த நாளில் ஆசிரியருக்கு மார்க் குறைந்ததாகவும் அதில் ஒரு தகவல். நம் கணக்கு வாத்தியார்கள் இதைப் படித்தால் மனம் குளிர்வார்கள்.

மாணவர் மார்க் போடப் போட, ஆசிரியரும் பதிலுக்குத் தாராளமாகிறார் என்ற சந்தேகமும் இரண்டு பக்கமும் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் 1960இல் கொடுத்த கிரேடுகளில் ‘ஏ’ 15 சதவீதம். 2008 வாக்கில் 43. இங்கிலாந்தில் 2011இல் ஆறில் ஒருவருக்குக் கிடைத்த முதல் வகுப்பு, பத்து ஆண்டு கழித்து மூன்றில் ஒருவருக்கு மேல் கிடைத்தது. கணிப்புதான் முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் ஒரே காலத்தில் வளர்ந்தன.

நம் பிள்ளைகள் எந்தக் கணக்கில்?

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விடக் கூடாது. 2023-24இல் அமெரிக்காவில் படித்த இந்தியர்கள் 3,31,602 பேர். சீனாவை முந்தி முதலிடம். அவர்களில் பெரும்பாலோர் முதுநிலைக்குப் போனவர்கள். நெஸ்ஸி கேட்பது இளநிலை மாணவர்களிடம். என்.எஸ்.எஸ். கேட்பதும் இளநிலை மாணவர்களிடம். ஆகவே எம்.எஸ். போகும் பையனுக்கு இந்த இரண்டு எண்ணும் பக்கத்து வீட்டு ஜாதகம் மாதிரி. ஆஸ்திரேலியக் கணிப்பில் மட்டும் பாடமுறை முதுநிலை மாணவர்களையும் தனியாகக் கேட்டு வெளியிடுகிறார்கள். வெளிநாட்டு மாணவர்களின் பதிலையும் பிரித்துக் காட்டுகிறார்கள்.

அமெரிக்க இளநிலை மாணவருக்குத் தனியார் கல்லூரிகள் அறிவித்த கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கும் மேல் தள்ளுபடி தருகின்றன. எம்.எஸ். மாணவருக்கு அந்தச் சலுகை அபூர்வம். அவருக்கு மைதானம், விழா, நான்கு வருட நட்பு எதுவும் இல்லை. நான்கு பருவம், மூன்று பேர் பகிரும் ஒரு அபார்ட்மென்ட், படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க விடும் ஓ.பி.டி. அனுமதியில் ஒரு வருடம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பென்றால் மேலும் இரண்டு வருடம், அப்புறம் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். அக்கா மகனிடம், “அதே யுனிவர்சிட்டிக்குத் திரும்பப் போவியாடா?” என்று கேட்டேன். “எந்த வருஷம் கேட்கறீங்க மாமா? வேலை கிடைக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?” என்றான். பேராசிரியர்களைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசுவான். ஒரு முறை வகுப்பு முடிந்து தாழ்வாரத்தில் முக்கால் மணி நேரம் நின்று பேசிய ஒருவரைப் பற்றி இன்னமும் சொல்வான். அந்த 14 சதவீதத்தில் அவன் சேர்த்தி.

அதனால் யாராவது கேட்டால் நான் நாட்டைச் சொல்வதில்லை. தனிமை தாங்காத பிள்ளையை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பும் முன் விடுதியில் இடம் கிடைத்ததா என்று பார்க்கச் சொல்கிறேன். தட்டிக்கொடுக்க ஆள் வேண்டும் என்பவளுக்கு ஜெர்மனி முதல் வருடம் கஷ்டமாக இருக்கும். எழுதியதை உடனே திருத்தித் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பவன் பிரிட்டனில் ஏமாறுவான். கடன் நினைப்பில் தூக்கம் கெடும் குடும்பம் அமெரிக்காவை இரண்டு முறை யோசிக்கட்டும்.

இன்னொன்று: கன்சல்டன்சிக்காரர் வழுவழுப்பான புத்தகத்தைப் பிரித்து ‘எங்கள் பல்கலைக்கழகத்தில் 95 சதவீத மாணவர்கள் திருப்தி’ என்று காட்டினால், எந்த ஆண்டு, எந்தப் படிப்பு, எத்தனை பேரிடம் கேட்டது, அதில் எத்தனை பேர் வெளிநாட்டவர் என்று நான்கு கேள்வி கேளுங்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பலவும் முகவர்களுக்குக் கமிஷன் தருகின்றன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகத் தருவதில்லை. எந்த நாட்டின் புத்தகம் மேசையில் மேலே இருக்கிறது, எது இழுப்பறைக்குள் கிடக்கிறது என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.